மெர்செனெப்பின் கை

கணவன் இறந்த முதல் வாரத்தில் நப்பின்னை செய்த பெரிய தவறு, வீட்டில் அவன் தொட்ட பொருள்களையெல்லாம் வெறும் கையால் தொட்டதுதான்.

தெரியாமல் செய்யவில்லை. பொருள்களில் தங்கிய கைகளைத் தொட்டு வாசிக்கும், நாட்டில் பெயர்பெற்ற தொடுநர்களில் அவள் ஒருத்தி. ஒரு பொருளின் மேல் கடைசியாகப் பட்ட கைதான் அதில் தங்கும், இன்னொரு கை பட்ட கணத்தில் முந்தையது போய்விடும் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள். ஆனால் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிப்போன பிறகு, பாளையங்கோட்டை வீட்டில் அவள் தனியாக இருந்தாள். இளங்கீரனின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவன் காப்பி குடிக்கும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாள், குழாய், சவரக்கத்தியின் பிடி, சைக்கிள் மணி என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் தொட்டாள். கையிலிருந்து கழற்றிப் போட்ட மென்னுறைகள் மேசையில் கிடந்தன. அவற்றின் நினைவே அவளுக்கு வரவில்லை.

நினைவு வந்தபோது ஆல்வினைக் கூப்பிட்டாள். ஆல்வின் தூத்துக்குடிக்காரன், அவளுடைய ஆய்வகத்தில் தடமீட்பியை இயக்குகிறவன். காரின் பின்னிருக்கையில் சிறிய தடமீட்பி ஒன்றைப் படுக்கவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கூடத்தில் அதை விரித்து, டம்ளரை உள்ளே வைத்து மூடினான்.

தடமீட்பி அரைக்கிற அம்மியளவு இருக்கும். ஒரு புறம் பொருளை வைக்கும் அறை. மறுபுறம் வெதுவெதுப்பான கூழ் நிரம்பிய ஒரு மெத்தை. கல்லோ உலோகமோ சுட்ட மண்ணோ, தோல் அதன்மேல் அழுந்தும்போது உடம்பின் சூடும் உப்பும் அழுத்தமும் சேர்ந்து அதன் நுண்படிகங்களில் ஒரு பதிவை விட்டுப்போகின்றன. அதன் பெயர் கைத்தடம். வேறொரு கை படாதவரைக்கும் எத்தனை ஆயிரம் ஆண்டுகளானாலும் அது கலைவதில்லை. தடமீட்பி அதைப் படித்து மெத்தையில் எழுப்பும். உங்கள் கையை அதில் வைத்தால், என்றோ அந்தப் பொருளைப் பிடித்திருந்த கை இப்போது உங்கள் கையைப் பிடிக்கும்.

நப்பின்னை மெத்தையில் கை வைத்தாள். மெலிந்த ஒரு கை அவள் கையைப் பற்றியது. அவளுடைய கைதான். மூக்குக்கண்ணாடியை வைத்தார்கள். அதே கை. தாழ்ப்பாளைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். சவரக்கத்தி, குழாய்த்திருகு, மணி. வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளும் அவள் கையையே அவளிடம் திருப்பி நீட்டியது.

"வேற எதாச்சும் இருக்காக்கா? நீங்க தொடாதது?" என்று ஆல்வின் கேட்டான்.

"இல்லடா. ஒண்ணு விடாமத் தொட்டுட்டேன்."

"ஆபீஸ்ல?"

"அங்க எப்பவும் உறை போட்டுத்தான இருப்பாரு. வீட்டுக்குள்ள மட்டுந்தான் கழட்டுவாரு."

ஆல்வின் இயந்திரத்தை மடித்தான்.

அந்தக் காலத்தில் எல்லோரும்தான் உறை போட்டிருந்தார்கள். தடமீட்பி வந்த புதிதில் மக்கள் தங்கள் வீட்டு வெண்கலப் பானைகளையும் பாக்குவெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பிறகு, செத்தவர்களின் தடம் கலைந்துவிடக்கூடாது என்று வீட்டுக்குள் உறை போட ஆரம்பித்தார்கள். அப்புறம் தங்கள் தடத்தை அடுத்தவன் எடுத்துவிடக்கூடாது என்று வெளியிலும் போட்டார்கள். தோலைப்போலவே மெல்லியதாக, வியர்வை கோக்காத மென்னுறைகள் வந்தபின் அவற்றைக் கழற்ற வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. ஒரு தலைமுறையே ஏறக்குறைய எதிலும் தன் கையைப் பதிக்காமல் வாழ்ந்துகொண்டிருந்தது.

இளங்கீரன் உறையோடேயே வேலை செய்தவன். எகிப்தில், நைல் நதிக்கு மேற்கே, மணலில் புதைந்த கல்லறைகளைத் தோண்டும் குழுவில் பொருள்களைப் பாதுகாப்பவனாக இருந்தான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே போய்விடுவான். வெயில் ஏறியதும் திரும்பி வருவான். வந்தால் வாய் ஓயாமல் ஒரே ஆளைப் பற்றிப் பேசுவான். அந்த ஆள் மெர்செனெப்.

மெர்செனெப் என்று ஓர் அரசன் இருந்தானா என்பதே சந்தேகம். நாடு துண்டுதுண்டாகக் கிடந்த ஒரு காலத்தில், இரண்டு பெரிய அரசர்களுக்கு நடுவே, சில ஆண்டுகளோ சில மாதங்களோ அவன் ஆண்டிருக்கலாம். அவனுக்கு இருந்த சான்று ஓர் உடைந்த கல். அதில் அரசர்களின் பெயரைச் சுற்றி வரையும் நீள்வட்டத்தின் பாதியும், அதற்குள் மூன்று எழுத்துகளும் இருந்தன. மீதிக் கல் கிடைக்கவில்லை. அது அரசன் பெயரே அல்ல, வேறொரு அரசனின் பெயரைச் சிற்பி தப்பாகச் செதுக்கிவிட்டான் என்று ஒரு டச்சுப் பேராசிரியர் எழுதினார். பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டார்கள். இளங்கீரன் ஏற்கவில்லை.

"ஒருத்தன் இருந்திருக்கான், பின்னை. சாப்பிட்டிருக்கான், தூங்கியிருக்கான், பயந்திருக்கான். ஒரு கல்லு ஒடஞ்சதுக்காக அவன் பொறக்கவே இல்லன்னு சொல்லிருவாங்களா?"

"உனக்கு ஏன் அவன் மேல இவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டாள்.

அவன் யோசித்துப் பார்த்து, "அவனுக்குன்னு கேக்க வேற ஆளில்ல" என்றான்.

அவன் போன கடைசிக் குளிர்காலத்தில் அது கிடைத்தது. ஒரு மண்செங்கல் கல்லறையின் அடியில், கட்டைவிரல் அளவில், வண்டு வடிவில் செய்த பச்சை முத்திரைக் கல். அடிப்பக்கத்தில் நீள்வட்டம் முழுசாக இருந்தது. உள்ளே மெர்செனெப்பின் பெயரும் முழுசாக இருந்தது. ஆனாலும் எதிர்த்தவர்கள் விடவில்லை. அரசர்கள் பெயரில் முத்திரை செய்து தாயத்தாகக் கட்டிக்கொள்வது அங்கே வழக்கம், இல்லாத ஓர் அரசனின் பெயரையும் யாரோ தப்பும் தவறுமாகச் செதுக்கியிருக்கலாம் என்றார்கள். ஒரே வழிதான் இருந்தது. முத்திரையில் கைத்தடம் இருக்கவேண்டும். தாயத்தென்றால் கயிற்றில் தொங்கியிருக்கும், தடம் இருக்காது. ஒருவன் தன் உடைமையாக நெடுங்காலம் கைக்குள் வைத்திருந்தால் தடம் ஆழமாக இருக்கும்.

இளங்கீரன் முத்திரையைத் தூய்மை செய்து, கண்ணாடிப் பேழையில் வைத்து மூடி அரக்கிட்டான். அதற்குள் அவனுக்கு வயிற்றில் வலி வந்துவிட்டது. கணையத்தில் புற்றுநோய் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னதை அவன் வீடு திரும்பும்வரை யாரிடமும் சொல்லவில்லை. வந்தபிறகு கோடையைக்கூட அவனால் தாண்ட முடியவில்லை.

*

மழைக்காலம் முடிந்ததும் எகிப்திலிருந்து அழைப்பு வந்தது. முத்திரையை வைத்திருந்த நைல் கரை அருங்காட்சியகத்தின் தலைவி ஹனான் பேசினார். அவர் அரபியில் பேச, நப்பின்னையின் காதிலிருந்த மொழிச்செவி தமிழில் சொன்னது. யார் எப்படிப் பேசினாலும் அது ஒரே மாதிரி, வானொலிச் செய்தி வாசிப்பதுபோலத்தான் பேசும்.

"முத்திரையின் தடத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பது தங்கள் கணவரின் விருப்பம். இங்கிருந்து புறப்படும் அன்று அவர் என்னிடம் அதைக் கூறினார். தங்களால் வர இயலுமா?"

 இளங்கீரன் நப்பின்னையிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

"வர்றேன்" என்றாள்.

ஆல்வினும் உடன் வந்தான். அருங்காட்சியகத்தின் பின்கட்டில், நதியைப் பார்த்த ஓர் அறையில் பெரிய தடமீட்பியை நிறுத்தியிருந்தார்கள். ஐந்து பேர் கொண்ட ஆய்வுக்குழு சுவரோரம் உட்கார்ந்திருந்தது. டச்சுப் பேராசிரியரும் அதில் இருந்தார். வயதானவர். நப்பின்னையைப் பார்த்து எழுந்து நின்று, அவளுடைய கணவனின் இறப்புக்கு வருத்தம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கண்டெடுத்த கணத்திலிருந்து இன்றுவரை முத்திரையைக் கையாண்ட ஒவ்வொருவரும் உறை அணிந்திருந்தார்கள் என்பதை ஹனான் குழுவுக்கு உறுதிசெய்தார். பேழை திறக்கப்பட்டது. ஆல்வின் இடுக்கியால் முத்திரையை எடுத்துத் தடமீட்பியின் அறைக்குள் வைத்தான். நப்பின்னை வலதுகை உறையைக் கழற்றி, கையை மெத்தையில் வைத்தாள்.

வழக்கமாகப் பழம்பொருள்களின் தடம் மெதுவாகத்தான் வரும். முதலில் ஒரு சூடு, பிறகு ஓரிரண்டு விரல்கள், கடைசியில் உள்ளங்கை. இது அப்படி வரவில்லை. ஒரு கை நேராக வந்து அவள் கையைப் பிடித்தது. பெரிய கை, கொஞ்சம் வறண்டது. விரல்கள் அவசரமில்லாமல் மூடிக்கொண்டன. பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. பிறகு கட்டைவிரல் அவள் உள்ளங்கையின் நடுவே வந்து, இரண்டுமுறை அழுத்தியது.



கல்யாண வீடுகளில், கூட்டங்களில், யாராவது முடிவில்லாமல் பேசிக்கொண்டிருக்கும்போது இளங்கீரன் அவள் கையைப் பிடித்து அப்படித்தான் இரண்டுமுறை அழுத்துவான். போகலாமா என்று அர்த்தம். அவளும் அழுத்தினால் இருவரும் எழுந்துவிடுவார்கள். இருபத்தொரு வருட வாழ்க்கையில் எத்தனையோ இடங்களிலிருந்து அப்படிக் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

அவள் தன்னையறியாமல் பதிலுக்கு இரண்டுமுறை அழுத்தினாள். மெத்தை குழைந்து கொடுத்தது. அந்தக் கை அதை அறியவில்லை. மறுபடி இறுக்கிப் பிடித்துவிட்டு, மெதுவாக விட்டது.

"தடம் இருக்கிறதா?" என்று ஹனான் கேட்டார்.

"இருக்கு. ரொம்ப ஆழமா இருக்கு."

அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. குழுவினர் ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். டச்சுப் பேராசிரியர் கடைசியாக வந்தார். மற்றவர்களைவிட அதிக நேரம் நின்றார். கையை எடுத்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"எனது கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்றது மொழிச்செவி. "இம்மனிதர் இருந்தார்."

பிறகு தொடுநரின் சாட்சியம். இயந்திரம் கையை எழுப்பித் தரும், யாருடைய கை என்று சொல்லாது. ரேகைகள் தடத்தில் தங்குவதில்லை. ஒரு தடத்தை அதே ஆளின் இன்னொரு தடத்தோடு ஒப்பிட்டால்தான் ஆள் தெரியும். இப்படி ஒற்றைத் தடம் கிடைக்கும் இடத்தில், ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்துப் பழகிய தொடுநர் தன் அனுபவத்தில் சொல்வதுதான் தீர்ப்பு. பண்டைய கையா, பிற்காலத்தில் யாரோ தொட்டுக் கலைத்த கையா?

நப்பின்னை கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்கு வந்தாள். கீழே நதியில் ஒரு பாய்மரப் படகு கரும்புக்கட்டு ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. ஆல்வின் பின்னாலேயே வந்தான்.

"யக்கா. அண்ணன் கையா?"

அவள் தலையசைத்தாள்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதாடா?"

ஆல்வின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்பம் பேழைய மூடுததுக்கு முன்னாடி உறையக் கழட்டிருக்காவ. நீங்கதான் வாசிக்கணும்னு சொல்லிட்டும் போயிருக்காவ."

"ஆமா."

"அவ்வளவு ஆயிரம் வருசம் கலையாம இருந்த தடத்தை அவங்களே அழிச்சிருக்காங்களே. அந்த ராசாவுக்கு இருந்தது அது ஒண்ணுதானக்கா?"

"ஆமா" என்றாள் மறுபடியும். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பன்னிரண்டு குளிர்காலம் ஒருவனைத் தேடியவன், கண்டுபிடித்த பிறகு அவன் கையைத் துடைத்துவிட்டுத் தன் கையை வைத்திருக்கிறான். அவளுக்காக.

"உள்ளபடி சொன்னா என்னாகும்?" என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும். யாராவது சத்தமாகச் சொல்லவேண்டும்போல இருந்தது.

"கலைஞ்ச தடம்னு எழுதுவாங்க. ராசா இல்லன்னு ஆயிரும். இந்தக் காலத்து ஆளோட தடம்னா சட்டப்படிப் பதிவை அழிச்சிரணும். சொந்தக்காரங்க கேட்டாக் குடுப்பாங்க. ஆனா அவரு தடந்தான்னு காட்ட ஒத்துப்பாக்க இன்னொண்ணு வேணும்லா. நம்மகிட்ட ஒரு டம்ளர்கூட இல்லயே." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான் சாட்சி. நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

நப்பின்னை நதியைப் பார்த்தாள். பொய்ச் சான்றுகளை இளங்கீரன் எப்படி வெறுத்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒருமுறை பழைய நண்பன் ஒருவன், கிடைக்காத ஒரு மட்கலத்தைக் கிடைத்ததாகக் காட்டிக் கட்டுரை எழுதினான் என்று தெரிந்தபோது, அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். சான்று இல்லாமல் காத்திருக்கலாம், பொய்யான சான்றை வைத்துக்கொண்டு எதற்காகக் காத்திருப்பது என்று கோபத்தோடு சொன்னான். உண்மையைச் சொன்னால் அவன் மனசுக்கு ஒத்ததைச் செய்தவளாவாள். ஆனால் அவன் அரசன் போய்விடுவான், அவன் கையும் போய்விடும். பொய் சொன்னால் இரண்டும் இருக்கும், அவன் மட்டும் அதை ஒருநாளும் மன்னித்திருக்க மாட்டான்.

உள்ளங்கை இன்னும் சூடாக இருந்தது. அவள் அந்தக் கையை மூடிக்கொண்டே அறைக்குள் போனாள்.

"பண்டைய கைதான்" என்றாள். "முத்திரைக்கு உரியவரோட கை. சந்தேகம் இல்ல."

ஹனான் கண்ணை மூடித் திறந்தார். யாரோ கைதட்டினார்கள். டச்சுப் பேராசிரியர் வந்து அவள் தோளைத் தொட்டார்.

*

அதன்பிறகு நடந்ததை நப்பின்னை எதிர்பார்க்கவில்லை.

மெர்செனெப் அரசர் வரிசையில் சேர்க்கப்பட்டான். பள்ளிப் பாடத்தில் அவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கினார்கள். அந்தக் கையை வைத்தே அறிஞர்கள் அவனுடைய வாழ்க்கையைக் கட்டினார்கள். களிமண்ணில் முத்திரை குத்திய கையாக இது தெரியவில்லை, எனவே அவனுக்கு ஆணையிட நாடு அதிகம் இருந்திருக்காது என்றார் ஒருவர். பிடி இறுகித் தளர்வதைப் பார்த்தால் உடம்பில் வலியோடிருந்தவன், அந்த வலியைப் பிறரிடம் காட்டாதவன் என்றார் இன்னொருவர். தான் சாகப்போவது அவனுக்குத் தெரிந்திருந்தது என்றும், அந்த முத்திரையை அவன் யாருக்காகவோ விட்டுப்போனான் என்றும் டச்சுப் பேராசிரியர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நப்பின்னை அதைப் படித்துவிட்டு அழுதாள். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தது.

கையின் பதிவை அருங்காட்சியகம் உலகத்துக்கெல்லாம் திறந்துவிட்டது. வீட்டில் தடமீட்பி வைத்திருந்தவர்கள் எல்லோரும் மெர்செனெப்பின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை பிடித்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். மருத்துவமனைகளில் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களின் கட்டிலருகே அதை வைத்தார்கள். நப்பின்னையும் தினமும் பிடித்தாள். காப்பி போட்டு எடுத்துவந்து, கூடத்தில் வாங்கி வைத்திருந்த தடமீட்பியின் மெத்தையில் கை வைத்து உட்கார்ந்துகொள்வாள். இறுகும், தளரும், இறுகும். போகலாமா என்று கேட்கும். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சில நாள் பொறாமையும் வந்தது. தன் கணவன் ஊரார் கையையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க ஆல்வின் ஒருவன்தான் இருந்தான்.

அடுத்த ஆண்டு முத்திரையே சென்னைக்கு வந்தது. கடற்கரையோரம் ஒரு பெரிய அரங்கில் கண்காட்சி வைத்தார்கள். பதிவு வீட்டிலேயே கிடைத்தாலும் அசல் முத்திரையிலிருந்து நேராக எழும் கையைப் பிடிக்க வேண்டும் என்று மக்கள் வரிசையில் நின்றார்கள். இயந்திரத்தை இயக்க ஆல்வினை அமர்த்தியிருந்தார்கள். நப்பின்னை சிறப்பு விருந்தினராக வந்திருந்தாள். ஹனான் முத்திரையோடு எகிப்திலிருந்து வந்திருந்தார்.

கையைப் பிடித்துவிட்டு வெளியே வருகிற வாசலில் நப்பின்னை நின்றுகொண்டிருந்தாள். கறிகாய்ப் பையோடு வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல அவளிடம் சொன்னாள்.

"எங்க அப்பா கை மாரியே இருக்கும்மா. ரோடு தாண்டறப்ப இப்டிதான் அமுத்துவாரு. ரெண்டு வாட்டி."

நப்பின்னை புன்னகைத்தாள். அடுத்து வந்தவர் ஒரு போலீஸ்காரர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, சுவரைப் பார்த்து நின்றார். "எம் பையன்" என்றார் தன் கூட வந்தவரிடம். "அப்படியே அவன்தாம்பா." கூட வந்தவர் அவர் முதுகைத் தடவினார். அதற்கடுத்து வந்த கல்லூரிப் பெண்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

நப்பின்னையின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அன்று முழுக்க அவள் அந்த வாசலைவிட்டு நகரவில்லை. வெளியே வந்த பாதிப்பேர் தங்கள் ஆள் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். யாரும் மெர்செனெப்பின் பெயரைச் சொல்லவில்லை.

மாலையில் ஹனான் அவளைத் தேடி வந்தார். இருவரும் அரங்கின் மேல்மாடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து வரிசை முழுவதும் தெரிந்தது. கடல் காற்றில் ஹனானின் தலைத்துணி அலைந்தது.

"தங்களுக்கு நான் நன்றி கூற வேண்டும்" என்றது மொழிச்செவி. "அன்று தாங்கள் அளித்த சாட்சியத்திற்காக."

"எதுக்கு நன்றி?"

 ஹனானின் குரல் தடுமாறியது. மொழிச்செவி தடுமாறாமல் சொன்னது.

"அந்த முத்திரையை மண்ணிலிருந்து எடுத்தவர் என் தந்தை. அகழ்வுக் குழியின் மேற்பார்வையாளர் அவரே. உறையோடு எடுத்தார் என்று குழுவிடம் உறுதி கூறினேன். ஆனால் அவரை நான் அறிவேன். வெப்பம் மிகுந்த நாட்களில் அவர் உறையைக் கழற்றிவிடுவார். மணலில் ஒரு பொருள் இருப்பதை வெறும் விரலே அறியும் என்பார். அவ்வாண்டே அவர் காலமானார். தங்களுக்கு முன்பாக, குழு கூடுவதற்கு முதல் நாள், விதியை மீறிப் பேழையைத் திறந்து நான் அந்தத் தடத்தைப் பிடித்துப் பார்த்தேன். அது என் தந்தையின் கை. என்னைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற கை. பள்ளி வாயிலில் என்னை விடும்முன் இருமுறை அழுத்துவார்."

நப்பின்னை அவரையே பார்த்தாள்.

"தாங்கள் உண்மையைக் கண்டுகொள்வீர்கள் என்று அஞ்சினேன். பண்டைய கை என்று தாங்கள் கூறியபோது வியந்தேன். தங்கள் நாட்டின் சிறந்த தொடுநர் எப்படித் தவறினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை."

"நான் தவறல" என்றாள் நப்பின்னை. "பொய் சொன்னேன். அது என் புருஷன் கை."

ஹனானின் காதிலிருந்த மொழிச்செவி அதை அரபியில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் மிக நீண்டதாக இருந்தது. ஹனான் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"இல்லை" என்றார். "என்னால் தவறியிருக்க இயலாது."

"என்னாலயும்தான்."

இருவரும் அவரவர் ஆளின் கை எப்படிப் பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஹனானின் தந்தைக்கு உள்ளங்கை அகலம். இளங்கீரனுக்கும் அகலம். இருவருக்கும் தோல் வறண்டது. இருவரும் அவசரமில்லாமல் பிடிப்பவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறெந்தப் பொருளும் இல்லை. குழியில் ஹனானின் தந்தை உறையைக் கழற்றியிருந்தாலும் வெளியில் மற்ற நேரமெல்லாம் உறையோடு இருந்தவர், வீட்டில் அவர் தொட்டவற்றை ஹனான் தொட்டு அழுதிருந்தார். ஆயிரமாயிரம் கைகளைப் பிடித்துப் பழகிய தன் கையின் அனுபவத்தை நப்பின்னை கூப்பிட்டுப் பார்த்தாள். அது ஒன்றும் சொல்லவில்லை. போகலாமா என்ற அந்தக் கேள்வி மட்டும் உள்ளங்கையில் இருந்தது. அது இப்போதும் இளங்கீரனின் கேள்வியாகவே இருந்தது.

கீழே போலீஸ்காரர் மறுபடியும் வரிசையில் வந்து நின்றிருந்தார்.

"நாம் இருவருமே தவறியிருக்கலாம்" என்றார் ஹனான் கடைசியில். "அது உண்மையிலேயே அரசரின் கையாக இருக்கலாம். என் தந்தை அன்று உறை அணிந்திருக்கலாம். தங்கள் கணவரும் விதியை மதித்திருக்கலாம்."

நப்பின்னை அதை நினைத்துப் பார்த்தாள். அப்படியானால் அவள் சொன்ன பொய்யே உண்மை. இளங்கீரன் தன் அரசனைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான். அவன் செய்யக்கூடிய காரியம்தான் அது. ஆனால் அவளுக்காக எதையும் விட்டுப்போகவில்லை.

"மூணு பேரு" என்றாள். "ஒரு கை. அது யாரோடதா இருந்தாலும், மத்த ரெண்டு பேரும் இருந்தாங்கங்கறதுக்கு இந்த உலகத்துல நம்ம ரெண்டு பேரத் தவிர ஒண்ணும் இல்ல. ராசாவுக்கு அதுவும் இல்ல."

ஹனான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "குழுவிடம் கூறுவோமா?" என்றார்.

நப்பின்னை கீழே பார்த்தாள். வரிசை அரங்கைச் சுற்றி வளைந்து, சாலை ஓரம் வரைக்கும் போயிருந்தது. சுண்டல்காரர்கூடக் கூடையை நண்பரிடம் கொடுத்துவிட்டு நின்றிருந்தார்.

"யாரோட கைன்னு இவங்ககிட்டயும் போய்க் கேக்கணுமே" என்றாள்.

அவர்கள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படியிறங்கிப் போய், வரிசையின் கடைசியில் நின்றார்கள். விருந்தினர்கள் நிற்பதைப் பார்த்த ஆல்வின் ஓடிவந்து முன்வழியாக வரச் சொன்னான். இருவரும் வேண்டாமென்று மறுத்துவிட்டார்கள். இருட்டி வெகுநேரமான பிறகு அவர்கள் முறை வந்தது. ஹனான் ஒதுங்கி, நப்பின்னையை முதலில் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நப்பின்னை ஹனானைப் போகச் சொன்னாள். பின்னாலிருந்தவர்கள் பொறுமையிழந்து, யாராவது ஒருத்தர் சீக்கிரம் போங்கம்மா என்று குரல் கொடுக்கிறவரை, யாருக்கு உரிமை அதிகம் என்று தெரியாமல் இருவரும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.